மங்கம்மாள் சாலை

நெல்லைச் சீமையில் இருமருங்கும் மரம் நிற்கும் பழஞ்சாலை எதைக் காட்டி, இதை அமைத்தவர் யார் என்று வயது சென்ற ஒருவரைக் கேட்டாலும், மங்கம்மாள் என்றே விடை வரும். மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுவழிக்கு அந்தப் பெயர் உண்டு. தென்காசிப் பக்கத்திலும் அந்தப் பெயர் வழங்குகிறது. நம் சாத்தான்குளத்துக்கு அண்டையிலுள்ள இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த பேராயர் கால்டுவெல், 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் அந்த அரசியின் சாலைகளைக் குறிக்கத் தவறவில்லை. சாலைகள் அத்தனையையும் ஒருவரே அமைத்திருக்க இயலாது என்பது வெளிப்படை. முன்னர் இருந்தவையும் பின்னர் வந்தவையும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டன. மக்கள் இப்படி வரவு வைப்பது எல்லா அரசருக்கும் நேர்வதில்லை.

வரவு வைத்த அதே மக்கள் செலவு ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அரசியார் தம்மை மறந்து இடக்கையால் வெற்றிலையை எடுத்து வாயிலிட்டுவிட்டாராம். அந்தப் பழி தீரும் வழி யாதென்று பெரியோரைக் கேட்டாராம். சாலை போடு, சத்திரம் கட்டு, கிணறு வெட்டு என்று அவர்கள் சொன்னார்களாம். பதினேழு ஆண்டுக்கால அறச்செயல் முழுவதற்கும் ஒரு வெற்றிலைச் சுருள் காரணமாகிவிட்டது! கவிதை எழுதுகிற நமக்குக் கதையின் சுவை தெரியும். அதனாலேயே கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். திருமலை நாயக்கர் மதுரையில் மகால் எழுப்பினார். எந்தப் பாவத்துக்குக் கழுவாயாக எழுப்பினார் என்று யாரும் கேட்டதில்லை. ஆண் கட்டினால் அது கொடை, பெண் கட்டினால் அது பரிகாரம் என்று நாம் பிரித்து வைத்தது எப்போது? இந்தக் கேள்வியோடுதான் மங்கம்மாளின் வாழ்க்கையை எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

மதுரை நாயக்கரின் படைத்தலைவர்களுள் ஒருவரான துபாகுல லிங்கம நாயக்கரின் மகள் அவர். அரசகுலத்தில் பிறந்தவர் அல்லர். 1659இல் பட்டமேறிய சொக்கநாத நாயக்கர் அவரை மணந்தார். ஆயினும் மன்னரின் மனம் தஞ்சை நாயக்கரான விஜயராகவரின் மகள்மேல் சென்றது. தஞ்சை பெண் கொடுக்க மறுத்தது. மறுப்பை மானக்கேடாகக் கொண்ட சொக்கநாதர் 1673இல் படையெடுத்தார். தோல்வி உறுதியானபோது விஜயராகவர் அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் செய்து, தாமும் களத்தில் மாண்டார். ஒரு பெண்ணைக் கேட்டு நடந்த போரில் அரண்மனைப் பெண்கள் எல்லாரும் அழிந்தனர். வென்ற நாட்டையாவது சொக்கநாதர் வைத்துக்கொண்டாரா? அதுவும் இல்லை. அவர் தஞ்சைக்கு அனுப்பிய அழகிரி நாயக்கர் தனியரசரைப்போல நடந்துகொண்டார். அந்தப் பூசலுக்கு இடையே சிவாஜியின் தம்பி ஏகோஜி புகுந்தார். தஞ்சையில் மராத்தியர் ஆட்சி அப்படித் தொடங்கியது. திருச்சிராப்பள்ளிக்குத் தலைநகரை மாற்றிய சொக்கநாதர், 1678ஐ ஒட்டித் தம் தம்பியிடமே அரியணையை இழந்தார். பின்பு குதிரைப்படைத் தலைவன் ருஸ்தம்கானின் கையில் ஏறத்தாழச் சிறைப்பட்டிருந்து, மறவர் முதலிய அயலார் உதவியால் மீண்டார். மைசூரார் ஒரு பக்கம் கோட்டைகளைப் பறித்துக்கொண்டிருந்தனர். 1682இல் அவர் இறந்தபோது விட்டுச் சென்றது கடனும் பகையும் சுருங்கிய எல்லையும்தாம்.

இவற்றையெல்லாம் அருகிருந்து பார்த்தவர் மங்கம்மாள். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றை விளங்கிக்கொள்ள இந்த ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். மானத்தின் பெயரால் ஓர் அரசு எவ்வளவு விரைவில் அழியும் என்ற பாடத்தை அவருக்குக் கணவரே கற்பித்துவிட்டுப் போனார்.

மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பருக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். துடிப்பானவர். ஒளரங்கசீப்பின் மிதியடி ஒன்று யானைமேல் ஊர்வலமாக வரும். சிற்றரசர்கள் எதிர்சென்று அதை வணங்க வேண்டும் என்பது வழக்கமாம். அதைத் திருச்சிக்குக் கொண்டுவந்தபோது இந்த இளைஞர் அதைத் தம் காலில் மாட்டிக்கொண்டு, மற்றொன்று எங்கே என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும் கதை. அந்த இளைஞர் 1689இல் பெரியம்மையால் இறந்தார்.

அவருடைய மனைவி அப்போது நிறைமாதக் கருவுற்றிருந்தார். கணவனுடன் தீப்புகத் துணிந்த அந்தப் பெண்ணை மாமியார் தடுத்து நிறுத்தினார். பிள்ளை பிறக்கட்டும் என்று கெஞ்சி, வாக்குக் கொடுத்து, நாள்களைக் கடத்தினார். ஆண் குழந்தை பிறந்தது. சில நாள்களில் தாயும் மறைந்தார். கணவர், மகன், மருமகள் என மூவரையும் இழந்த பாட்டியின் மடியில் ஒரு பச்சிளங்குழந்தை மிஞ்சியது. மூன்று மாதத்தில் அதற்கு விஜயரங்க சொக்கநாதர் என்று முடி சூட்டப்பட்டது. குழந்தையின் பெயரால் அரசை நடத்தும் காப்பாட்சியராக மங்கம்மாள் அமர்ந்தார். சாசனங்கள் பேரன் பெயரில் வந்தன, ஆணைகள் பாட்டியினுடையவை.

அந்த 1689ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒளரங்கசீப் தக்காணத்தில் இருந்தார். பீசப்பூர் 1686இலும் கோல்கொண்டா 1687இலும் விழுந்துவிட்டன. சிவாஜியின் மகன் சம்பாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி இராஜாராம் தப்பியோடிச் செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். அவர் தப்பிவரும் வழியில் புகலிடம் தந்தவர் கெளதியை ஆண்ட சென்னம்மா. கணவர் இறந்தபின் இருபத்தைந்து ஆண்டு அரசு நடத்திய கன்னட அரசி அவர். இராஜாராம் 1700இல் இறக்க, அவர் மனைவி தாராபாய் இளமகனின் பெயரால் ஆட்சியை ஏற்று, முதிய பேரரசரின் இறுதி நாள்வரை அவருடன் பொருதார். மலைக்கு அப்பால் வேணாட்டில், ஆற்றிங்கல் அரசி உமயம்மை 1677 முதல் 1684 வரை இளவரசன் இரவிவர்மனுக்காக ஆண்டார். ஆகத் தென்னாட்டின் ஒரே தலைமுறையில் நான்கு பெண்கள் செங்கோல் பிடித்திருக்கிறார்கள். 1960இல் இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற்பெண் தலைமையமைச்சரானதைப் புதுமை என்று உலகம் எழுதியது. அவரும் கணவரைக் கொலையில் பறிகொடுத்த மறுவருடம் வந்தவர்தாம். பெண்ணுக்கு அரியணையின் வாயில் பெரும்பாலும் ஒரு சாவு நிகழ்ந்த பிறகே திறந்திருக்கிறது. மருமக்கள் தாய முறையுள்ள வேணாட்டில் மட்டும் வழி வேறு.

முகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690 முதல் செஞ்சியை வளைத்துக்கொண்டு கிடந்தார். எட்டாண்டு முற்றுகை அது. அந்தப் படையின் நிழல் தஞ்சைமேலும் திருச்சிமேலும் விழுந்தது. இங்குதான் மங்கம்மாள் தம் மகன் செய்யாததைச் செய்தார். திறை கொடுத்தார். விலையுயர்ந்த பொருள்களை அனுப்பி முகலாயரின் மேலாண்மையை ஏற்றார். மிதியடியைக் காலில் மாட்டிய மகனைப் பாடுவது எளிது. கப்பம் அனுப்பிய தாயைப் பாடுவது எந்தக் கவிஞருக்கும் கடினம். ஆனால் எண்ணிப் பாருங்கள். பீசப்பூரும் கோல்கொண்டாவும் நிற்க முடியாத வெள்ளத்தில், கடன்பட்ட ஒரு சிற்றரசு என்ன செய்திருக்க முடியும்? முகலாயர் இங்கே நிலைத்திருக்கப்போவதில்லை, அவர்கள் நாட்டம் மராத்தியரின்மேல் என்பதை அவர் கணித்தார். கணக்குப் பிசகவில்லை. 1698இல் செஞ்சி விழுந்தது. 1707இல் ஒளரங்கசீப் இறந்தார். திருச்சிக் கோட்டை அதுவரை கைமாறவில்லை. கொடுத்த பணத்துக்கு அவர் வாங்கியது காலம். வணங்கியதற்காக அவரைப் பழிப்பவர்கள், விஜயராகவரின் அந்தப்புரத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

மைசூர்ப் பகை வேறு வகையானது. சிக்கதேவராயரின் படைத்தலைவர் குமாரய்யர் 1695இல் திருச்சியை முற்றுகையிட்டார். மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்த செய்தி வந்ததும் முற்றுகையை விட்டுப் போக நேர்ந்தது. இதில் அரசியாருக்கு நல்லூழும் துணை நின்றது என்றே சொல்ல வேண்டும். நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதே சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை எழுப்பி நீரை மறித்தார். ஆறு வற்றியது. தஞ்சையும் திருச்சியும் அதுகாறும் ஒன்றையொன்று கொள்ளையிட்டுவந்த அரசுகள். பயிர் காய்ந்ததும் இரண்டும் சேர்ந்து படை திரட்டின. படை புறப்படுமுன் பெருமழை பெய்து அணையை அடித்துக்கொண்டு போயிற்று. தாமிரபரணி மேல்காட்டில் பிறந்து நம் கடலிலேயே கலப்பதால் நமக்கு இத்தகைய வழக்கு வந்ததில்லை. காவிரிக்காரர்கள் அன்று மழையை நம்பினார்கள். பின்னாளில் நடுவர் மன்றத்தை நம்பினார்கள்.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமை மதுரை நாயக்கரின் ஆட்சிக்கு உட்பட்டது. இங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாஞ்சில் நாடு. வேணாட்டு மன்னரிடம் திறை தண்ட ஆண்டுதோறும் மதுரைப் படை அந்த வழியாகத்தான் இறங்கும். உமயம்மையின் காப்பில் வளர்ந்த இரவிவர்மர் அப்போது அரசர். அவருக்குத் தம் சொந்த அமைச்சர்களே பகை. மதுரைப் படைத்தலைவனுடன் ஒரு மறைவான உடன்பாடு செய்துகொண்டார். தலைநகரான கல்குளத்தை உங்களுக்குத் தருகிறேன், அமைச்சர்களைத் தீர்த்துத் தாருங்கள் என்பதே அதன் சாரம். வடுகர் படை அதை நம்பிக் கோட்டைக்குள் புகுந்தது. அமைச்சர்கள் ஒழிக்கப்பட்டனர். பிறகு அரசர் திரும்பி, வந்த படையையே வெட்டச் செய்தார். எஞ்சிய சிலரே மலையைத் தாண்டி மீண்டனர். தென்பாண்டியில் பணியாற்றிய சேசுசபைத் துறவி மார்ட்டின் எழுதிய கடிதங்கள் வழியாக இச்செய்தி ஐரோப்பா வரை போயிற்று.

1697இல் தளவாய் நரசப்பய்யர் பெரும்படையுடன் அனுப்பப்பட்டார். கடும்போருக்குப் பின் வேணாடு பணிந்தது. நிலுவைத் திறையும் பொன்னும் அணிகலன்களும் பீரங்கிகளும் திருச்சி சேர்ந்தன. அவற்றைத் திருச்சிக் கோட்டையிலும் மதுரைக் கோட்டையிலும் ஏற்றி வைத்தார்கள் என்பர். அரசியார் வேணாட்டைத் தம் நாட்டோடு சேர்க்க முயலவில்லை. மலைக்கு அப்பாலுள்ள நாட்டை ஆளும் செலவு, வரும் திறையைக் காட்டிலும் மிகும் என்பது ஒரு குடும்பத் தலைவிக்குத் தெரியாததன்று.

நரசப்பய்யரைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும். ஆட்சியின் வாள் அவர். 1700இல் தஞ்சைக் குதிரைப்படை திருச்சிச் சீமையில் கொள்ளையிட்டபோது, எதிரியைத் துரத்திக்கொண்டிராமல் கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள் நுழைந்து அவர்களைத் திணறடித்தார். தஞ்சை அமைச்சர் பாலாஜி பெரும்பொருள் கொடுத்து அமைதியை வாங்க நேர்ந்தது. அந்த வெற்றியோடு நின்றிருக்கலாம். 1702இல் இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின்மேல் படையெடுப்பு நிகழ்ந்தது. சேதுபதி சொக்கநாதரை ருஸ்தம்கானிடமிருந்து மீட்க உதவியவர். பின்பு தம் போக்கில் தனியரசர் ஆகிவிட்டவர். அந்தப் போரில் நரசப்பய்யர் வீழ்ந்தார். மதுரைப் படை தோற்றது. சேதுநாடு அதன்பின் மதுரையைப் பொருட்படுத்தவில்லை. பத்தாண்டுக்குமேல் அளந்து காலடி வைத்த அரசியார் இங்கே ஏன் அளக்கத் தவறினார்? அடுத்தடுத்து வந்த வெற்றிகள் அவர் கண்ணை மறைத்திருக்கலாம். கணவர் தஞ்சைமேல் சென்றதற்கும் மனைவி சேதுநாட்டின்மேல் சென்றதற்கும் அடியிலுள்ள உணர்வு ஒன்றே: நமக்குக் கீழிருந்தவன் நிமிர்ந்து நிற்கிறானே என்பது. அம்மையாரின் ஆட்சியை முழுக்கப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த ஆண்டை விரைந்து தாண்டிவிடுகிறார்கள்.

போர்களைக் காட்டிலும் எனக்கு முதன்மையாகப் படுவது 1705இல் வந்த ஒரு வழக்கு. மதுரையில் பட்டுநூல்காரரான சௌராட்டிரர் பதினெண்மர், ஆவணி அவிட்டச் சடங்கு செய்ததற்காகப் பிடிக்கப்பட்டனர். நெசவு செய்வோர்க்குப் பூணூல் சடங்கு உண்டா என்பது வழக்கு. அரசியார் தாமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. சாத்திரம் வல்லோரைக் கூட்டி ஆராயச் செய்தார். உரிமை உண்டு என்று அவர்கள் கண்டதை ஓலைச் சாசனமாக வழங்கினார். அதிகாரி பிடித்தது சரியே என்று கூறிவிட்டால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். தறி நெய்யும் ஒரு சமூகம் இந்த ஓலையை முந்நூறு ஆண்டுகளாகத் தன் வரலாற்றில் போற்றி வருகிறது.

சமயத்திலும் இப்படியே. அருளானந்தர் எனப்பட்ட ஜான் டி பிரிட்டோ 1693இல் சேதுநாட்டு ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். அதே ஆண்டுகளில் திருச்சியில் பாதிரிமார் தொல்லையின்றி நடமாடினர். பூஷே என்னும் துறவியைத் தளவாய் அவைக்கு அழைத்து மரியாதை செய்தார். திருச்சியிலுள்ள நத்தர்வலி தர்காவுக்கும் அவராட்சியில் நிலம் விடப்பட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் பொற்றாமரைக் குளக்கரையில் உள்ள ஊஞ்சல் மண்டப விதானத்தில், அம்மன் திருமணத்தைத் தொழுது நிற்கும் அரசியாரின் உருவம் பேரனுடன் தீட்டப்பட்டுள்ளது. எல்லார்க்கும் கொடுத்தவர் தம் வழிபாட்டை விட்டவரல்லர்.

சாலைக்குத் திரும்புவோம். அக்காலத்துச் சாலை என்பது வெறும் தடம் அன்று. இருபுறமும் ஆல், அரசு, புளி, மருது என நிழல்மரம் நிற்கும். நடந்து ஓய்கிற தொலைவில் கிணறு, தண்ணீர்ப்பந்தல், கல்மண்டபம், பெரிய ஊர்களில் சத்திரம் இருக்கும். மதுரைத் தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே அவர் பெயரால் நிற்கும் சத்திரம் பலருக்குத் தெரிந்ததே. தலைச்சுமையோடு செல்பவர் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் சுமைதாங்கிக் கல் நிற்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் பக்கத்து வழக்கம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்க முடியாமற் போன சுமைக்காக, பிறர் சுமையை இறக்கும் கல்! இதை முதலில் எண்ணியவர் நம் எல்லாரினும் பெரிய கவிஞர்.

இந்தச் சாலைகளுக்குப் பரிகாரக் கதை வேண்டியதே இல்லை. அரசு நடத்தத் தெரிந்த ஒருவரின் கண்ணுக்குக் காரணம் எதிரிலேயே இருக்கிறது. கல்குளத்தில் ஒரு படை அழிந்த செய்தி தலைநகருக்கு வரவேண்டும். அடுத்த படை விரைந்து தெற்கே இறங்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்து நெல் வடக்கே போகவேண்டும். நம் தேரிக்காட்டுக் கருப்புக்கட்டியும் கடற்கரையின் உப்பும் கருவாடும் சந்தைக்கு ஏறவேண்டும். திருச்செந்தூருக்கும் குமரிக்கும் இராமேசுவரத்துக்கும் செல்வோர் வழியில் வெயிலால் சாகக் கூடாது. படைக்கும் வரிக்கும் போட்ட வழியில் ஏழைக்கு நிழல் தரும் மரத்தையும் சேர்த்து நட்டதே அவர் செய்த சிறப்பு. பாளையக்காரரின் எல்லைக்கு எல்லை சுங்கமும் திருட்டுமாக இருந்த நாட்டில், ஒரே ஆட்சியின் கை நீண்டு வருகிறது என்பதை மக்கள் கண்டது இந்த மரவரிசையில்தான். அண்மைக் காலத்திலும் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ராணி மங்கம்மாள் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் பேருந்து ஓட்டியது. 1997இல் எல்லாக் கழகங்களின் பெயர்களும் மாற்றப்பட்டபோது அந்தப் பெயரும் நீங்கிற்று. திருச்சியில் சொக்கநாதர் கட்டிய அரண்மனையையோ மக்கள் மங்கம்மாள் மகால் என்றே அழைக்கிறார்கள். கணவர் என்ன நினைப்பாரோ!

முடிவு இனியதன்று. பேரன் வளர்ந்தார். ஆட்சியைத் தருமாறு கேட்கும் வயது வந்தது. பாட்டி உடனே தரவில்லை என்றும், அச்சய்யர் என்ற அமைச்சரின் சொற்கேட்டு இழுத்தடித்தார் என்றும் ஒரு சாரார் கூறுவர். அந்த அமைச்சரோடு இணைத்து அவரைப் பற்றிப் பழிச்சொல்லும் எழுந்தது. இடக்கை வெற்றிலைக் கதைக்கு நிலம் இதுதான். கைம்பெண் வெற்றிலை மெல்வதே குற்றம் எனக் கருதப்பட்ட நாளில், வெற்றிலை என்றால் என்ன பொருள் என்பதைக் கேட்டவர் விளங்கிக்கொள்வர். ஒரு பெண்ணின் ஆட்சித் திறனைக் குறை கூற முடியாதபோது, ஊர் அவளுடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்க்கிறது. இன்றும் தலைமைக்கு வரும் பெண்களைப் பற்றிப் பேசும் பேச்சில் முதற்பொருள் கொள்கையாக இருப்பதில்லை.

1706ஐ ஒட்டி அவர் ஆட்சி முடிந்தது. வாழ்வும் அதையொட்டியே முடிந்தது. சிறையில் அடைத்தார்கள், எட்டாத தொலைவில் உணவை வைத்துக் காட்டிப் பட்டினி போட்டே கொன்றார்கள் என்று மதுரையில் வழங்கிய கதையை நெல்சன் 1868இல் வெளியான தம் மதுரை நாட்டு நூலில் பதிந்திருக்கிறார். இக்கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் இது பொய்யென்றே வைத்துக்கொண்டாலும், பொய்க்குள் மக்களின் ஒரு மனம் இருக்கிறது. வழிநெடுகத் தண்ணீரும் சோறும் வைத்தவருக்குச் சோறின்றிச் சாவு என்று அவர்கள் புனைந்திருக்கிறார்கள். வெற்றிலைக் கதையைச் சொன்ன வாய்தான் இதையும் சொல்லியது. ஒன்றில் ஐயம் இருக்கிறது. மற்றொன்றில் இரக்கம் இருக்கிறது. இரண்டையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

அக்காலத்துப் பெண்ணுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பத்தெழுவர் உடன்கட்டை ஏறினர் என்று மார்ட்டின் எழுதிய கடிதம் கூறுகிறது. சொக்கநாதரின் சிதையிலிருந்து மங்கம்மாள் திரும்பி வந்ததனால் இருபத்துநான்கு ஆண்டுகள் ஒரு நாடு காக்கப்பட்டது.

பேரன் விஜயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். தெலுங்கில் உரைநடை நூல்கள் இயற்றியவர். கோயில்களுக்கு வாரி வழங்கியவர். திருவரங்கத்தில் குடும்பத்தோடு சிலையாக நின்று கைகூப்பிக்கொண்டிருக்கிறார். இலக்கிய வட்டத்து மலரில் இதைச் சொல்வதற்கு மனம் கூசுகிறது: சுவைஞராகவும் புரவலராகவும் இருந்த அவர் நல்ல அரசராக இல்லை. பாட்டி சேர்த்த கருவூலம் கரைந்தது. படைக்குச் சம்பளம் நின்றது. மக்கட்பேறின்றி அவர் இறக்க, மனைவி மீனாட்சி அரசியானார். அரியணைக்கு உரிமை கோரிய பங்காரு திருமலையோடு பூசல் மூண்டது. அதைத் தீர்க்க வந்த ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தாசாகிபு, உன்னைக் காப்பேன் என்று குர்ஆன்மேல் ஆணையிட்டாராம். மங்கம்மாளும் முகலாயருக்குப் பணம் கொடுத்தவர்தாம். அவர் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு ஆணையை நம்பியதில்லை. மீனாட்சி நம்பினார். சந்தாசாகிபு சில ஆண்டுகளில் திருச்சிக் கோட்டையைத் தமதாக்கிக்கொண்டு அரசியைச் சிறைவைத்தார். மங்கம்மாள் அரசு நடத்திய அதே திருச்சியில் மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். மதுரை நாயக்கர் ஆட்சி அதனோடு முடிந்தது.